சான்றொப்பம் பெற்ற குரல்

ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே என் மனைவியின் வலது கண்ணுக்கு ஒரு கோப்பு தொடங்கினேன். அட்டை, நாடா, பக்க எண் எல்லாம் உண்டு. முப்பத்து நான்கு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தவன் நான். கோப்பு இல்லாத விஷயம் நடந்ததாகவே என் மனம் ஒப்பாது. முதல் தாள், காரியாபட்டிப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் கொடுத்த சீட்டு. இடது கண்ணில் பார்வை ஏற்கெனவே பாதிதான். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. மதுரைக்கு வந்து ஐந்து நாள் தங்கி ஆப்ரேஷன் செய்துகொள்ள வேண்டும். சீட்டைக் கொடுத்த டாக்டரம்மா வாயாலும் சொன்னார்: "இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா உள்ள பிரஷர் ஏறிரும். அப்புறம் நாங்க செஞ்சும் பிரயோசனம் இருக்காதும்மா."

என் மனைவி தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்: "அஞ்சு நாளா? நடுவுல தண்ணி வந்துட்டா?"

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருக் குழாயில் அப்போது எட்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வரும்; சில சமயம் பத்து நாள் ஆகும். விடிகாலையிலும் வரலாம், உச்சி வெயிலிலும் வரலாம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. பூமிக்குள் இருந்தால்தானே குழாய்க்குள் வரும். வேகம் போதாது என்பதால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கியிருந்தோம். எங்கள் வீடு தெருவின் பள்ளத்தில் இருந்ததால் தண்ணீர் முதலில் எங்கள் குழிக்குத்தான் வரும். வருவதற்கு முன்னால் குழாய் இரண்டு தரம் இருமும். அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்தாலும் அந்த இருமல் என் மனைவியின் காதில் விழுந்துவிடும். வாசலுக்கு ஓடி, மேட்டுப் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுப்பாள்: "தண்ணி வந்துருச்சேய்!" அந்த 'ஏய்' தெருக்கோடி வரை போகும். அத்தனை வீட்டுக் கதவும் திறக்கும்.

இந்தப் பதவிக்கு அவளை யாரும் நியமிக்கவில்லை. ஆணை இல்லை, விடுப்பு இல்லை, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போக அடுத்த ஆள் இல்லை. அந்தக் கண் முகாமைத் தவிர, தண்ணீர் வரக்கூடிய நாட்களில் அவள் ஊரைத் தாண்டியதில்லை. எந்த நாளில் தண்ணீர் வரும் என்று தெரியாததால் எல்லா நாளும் தண்ணீர் வரக்கூடிய நாளாகவே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் குறித்த தேதி இரண்டு தரம் தள்ளிப் போனது. இரண்டையும் கோப்பில் குறித்து வைத்தேன்.

நான் வீட்டில்தானே இருந்தேன் என்று வாசகர் கேட்கலாம். இருந்தேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஆண்கள் குடத்தோடு குழிக்குள் இறங்கும் வழக்கம் இல்லை. எழுதப்படாத அந்த விதியை, எழுதப்பட்ட எந்த விதியையும்விடக் கண்டிப்பாக நான் கடைப்பிடித்து வந்தேன்.

ஆனால் அறிவியலில் எனக்கு நம்பிக்கை உண்டு. வெளிநாட்டில் வீடே விளக்கைப் போட்டுக்கொள்கிறது, வீடே கதவைத் திறக்கிறது என்று ஏதோ ஒரு வார இதழில் படித்திருந்தேன். விளக்கும் கதவும் கிடக்கட்டும். எங்கள் வீடு ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். தண்ணீர் வந்தால் அதுவே தெருவுக்குச் சொல்ல வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் என் வயதுக்காரர். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லாத மனிதர். முடித்தும் கொடுக்க மாட்டார். அவரிடம் விளக்கினேன்.

"வீடு சொல்லணுங்கிறீக. அதான் அக்கா சொல்றாகள்ல சார்?"

"அக்கா ஊருல இல்லாதப்ப?"

அவர் கையில் இருந்த சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். "அக்கா எங்க போறாக?" என்று கவலையோடு கேட்டார். அவருடைய மாமியார் வீடும் எங்கள் தெருவில்தான் இருந்தது.

குழியின் அடியில் இரண்டு செம்புக் கம்பி. திறந்து வைத்த குழாயிலிருந்து விழும் தண்ணீர் இரண்டையும் தொட்டால் சுற்று முழுமையாகி மணி அடிக்கும். கரண்டு போனாலும் அடிக்க பேட்டரி. இவ்வளவுதான் சூத்திரம். ஒரே ஒரு பிழை நேர்ந்தது: அவர் பொருத்திய மணியும் எங்கள் வாசல் மணியும் ஒரே சத்தம். தபால்காரர் வந்து அழுத்தினால் என் மனைவி குடத்தோடு வந்து நிற்பாள். மூன்றாம் நாள் தபால்காரர், "கடுதாசி மட்டுந்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மணியை மாற்றினோம். பிறகு எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு கம்பியில் சுண்ணாம்பாகப் படிந்து, தண்ணீர் வந்தும் மணி வாயைத் திறக்கவில்லை. வாரம் ஒரு முறை புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்று கண்டுபிடித்தோம். தேய்க்கும் வேலையும் அவளுக்கே போனது. தானாக இயங்கும் சாதனத்தால் அவளுக்கு ஒரு வேலை கூடியிருந்தது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மணியைத் தெருவைப் பார்த்து ஜன்னலில் மாட்டி, வீட்டுக்கு ஒன்றாகச் சுற்றறிக்கையும் கொடுத்தேன். "பொருள்: குடிநீர் வரவை அறிவிக்கும் மணி – பயன்பாடு – தொடர்பாக." ஏழு பத்தி. மணி அடித்தால் தண்ணீர் வந்ததாகக் கருதப்பட வேண்டும் என்பது மூன்றாம் பத்தி. எங்களுக்கு அடுத்த வீட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். கடையில் உட்காரும் அந்த அம்மாள் என் மனைவியை மதினி என்பார், என்னை அண்ணாச்சி என்பார். இரண்டு நாள் கழித்துக் கடையில் மிளகாய் வற்றல் வாங்கியபோது அது என்னுடைய நான்காம் பத்தியில் மடித்துக் கொடுக்கப்பட்டது.

"படிச்சீகளா?" என்று கேட்டேன்.

"படிச்சாச்சு அண்ணாச்சி. ஒண்ணும் வெளங்கல. மதினி சத்தம் குடுப்பாகள்ல, அது போதும்."

திருச்சுழியில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு வந்தது. அரை நாள் வேலை. இதை ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி மனைவியை அழைத்துப் போனேன். குடங்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாயிற்று. மணிக்குப் புதுப் பேட்டரியும் போட்டாயிற்று. திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது, தெருவின் முகம் சரியாக இல்லை. கடைக்கார அம்மாள் வாசலிலேயே நின்றார்.

"நீங்க பாட்டுக்குப் போயிட்டீகளே மதினி. மத்தியானம் தண்ணி வந்து போயிருச்சாம்ல!"

"ஏன், பெல்லு அடிக்கலையா?" என்றேன் நான்.

"ஏன் அடிக்கல? பத்து நிமிசமா அடிச்சுச்சு. தெருவே கேட்டுச்சு."

"அப்புறம்?"

"மதினி சத்தத்தக் காணமேன்னு இருந்தோம்."

மணி அடித்திருக்கிறது. அத்தனை வீட்டிலும் கேட்டிருக்கிறது. தண்ணீர் குழியில் நிரம்பி, வழிந்து, சாக்கடைக்குப் போயிருக்கிறது. என் மனைவி சொல்லவில்லை என்பதால் ஒரு குடம்கூட அசையவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. விஷயம் உடனே புரிந்துவிட்டது. இத்தனை வருடம் நானும் இதைத்தானே செய்தேன். கண் முன்னால் நிற்கும் ஆளிடம், நீங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டிருக்கிறேன். மணி ஒரு நகல். சான்றொப்பம் இல்லாத நகலை யார் ஏற்பார்கள்?

அன்று சாயங்காலம் என் மனைவி விளக்கேற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "இந்தாங்க, ஆஸ்பத்திரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு அடுப்பு தெரியுது, குழாய் தெரியுது. அது போதும்." சொல்லிவிட்டு மாடத்து விளக்கின் பக்கம் தீப்பெட்டியை வைத்தாள். தீப்பெட்டி மாடத்துக்கு வெளியே தரையில் விழுந்தது. விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ரேடியோ ரிப்பேர்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"மணி வேணாம் சார். அக்கா குரலையே வச்சிருவோம்."

சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து அவரிடம் ரிப்பேருக்குக் கொடுத்து, பின் வாங்க வராமலே போன டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ஓடி முடிந்தால் அதுவே அடுத்த பக்கத்துக்குத் திரும்பிக்கொள்ளும். கம்பியைத் தண்ணீர் தொட்டால் மணிக்குப் பதிலாக அது ஓடும். ஜன்னலில் ஒலிபெருக்கி. நான் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

என் மனைவியை டேப்புக்கு முன்னால் உட்கார வைத்து, "எங்க, சத்தம் குடு" என்றேன்.

"என்னன்னு?"

"தண்ணி வந்துருச்சேய்னுதான்."

"வரலையே."

"வரலைதான். சும்மா சொல்லு."

"வராத தண்ணிய வந்துருச்சுன்னு எப்படிங்க சொல்றது? இத்தன வருசத்துல ஒரு நாளு பொய்ச் சத்தம் குடுத்திருக்கேனா? தெருவுல நாளைக்கு எவ நம்புவா?"

ரிப்பேர்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் முப்பத்து நான்கு வருடத்தில், நேரில் போய்ப் பார்க்காமல் "நேரில் ஆய்வு செய்யப்பட்டது" என்று எழுதிய கையெழுத்துகள் எனக்கு நினைவுக்கு வந்தன. அவள் அசையவில்லை. உண்மையிலேயே தண்ணீர் வரும்போது பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ஆகவே ஆறு நாள் காத்திருந்தோம். டேப் ரெக்கார்டரைச் சாக்கு போட்டு மூடி வாசலிலேயே வைத்திருந்தோம். ஆறாம் நாள் காலை பத்து மணிக்குக் குழாய் இருமியது. நான் பொத்தானை அழுத்தினேன். அவள் ஓடி வந்தாள், கொடுத்தாள் குரலை. அதே மூச்சில் என் பக்கம் திரும்பி இன்னொன்றும் சொன்னாள். பதிவைப் போட்டுக் கேட்டபோது இப்படி இருந்தது:

"தண்ணி வந்துருச்சேய்! ஏங்க, மரம் மாதிரி நிக்காம அந்தக் கொடத்த எடுங்க!"

"பின்னாடி இருக்கறத வெட்டிருங்க" என்றேன்.

ரிப்பேர்காரர் மிகவும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ரெண்டும் ஒட்டியிருக்கு சார். அத வெட்டுனா 'சேய்' போயிரும். 'சேய்' இல்லாட்டி அக்கா குரல்னு யாரும் நம்ப மாட்டாக." அது தொழில்நுட்பக் காரணம்தானா என்பதில் எனக்கு இன்றைக்கும் ஐயம் உண்டு. நாடாவின் இரண்டு பக்கமும் அதையே திரும்பத் திரும்பப் பதிந்து கொண்டுவந்து மாட்டினார்.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது என் மனைவியை உள்ளே உட்கார வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் கத்தியது. கதவுகள் திறந்தன. குடங்கள் உருண்டன. இரண்டாவது தரம் கத்தியபோது சிரிப்புச் சத்தம் கேட்டது, மூன்றாவது தரம் மேட்டு வீட்டுப் பெண் ஒருத்தி, "எடுங்க அண்ணாச்சி, மதினி இம்புட்டுச் சொல்றாகள்ல!" என்று குரல் கொடுத்தாள். என் சுற்றறிக்கையின் ஏழு பத்திகளால் முடியாததை அந்த ஒரு வசனம் முடித்தது. தெரு நம்பிவிட்டது. என் மானம் அதற்கான கட்டணம் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மதுரைக்குப் போனோம். இந்த முறை அவளாகவே பையை எடுத்து வைத்தாள். பஸ் நகரும்போது மட்டும், "கம்பிய நல்லாத் தேச்சிட்டுத்தானே வந்தேன்?" என்று கேட்டாள்.

ஆப்ரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது கண்ணை மூடிக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். இடது கண்ணில் பாதிதான் தெரியும் என்பதால் அந்த ஐந்து நாளும் என் முகம் அவளுக்கு வெறும் மங்கலான வெளிச்சமாகவே தெரிந்தது. நாற்பது நாள் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நர்ஸ் என்னிடம் சொன்னபோது, பழக்கத்தில் நான் "யார் கவனத்துக்கு?" என்று கேட்டேன். நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க கவனத்துக்குத்தான் சார்" என்றார்.

மூன்றாம் நாள் பிற்பகல் மதுரையில் நல்ல மழை. ஜன்னல் ஓரம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டையிலும் பெய்யுமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த கையோடு போயும் விட்டது. மழை மேகம் பொதுவாக எங்கள் ஊருக்கு மேலே ஒரு மாறுதல் உத்தரவில் போகிற ஊழியரைப் போலத்தான் போகும், நிற்காது.

அன்று நின்றிருக்கிறது. கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பச்சைத் துணியால் கண்ணுக்கு மேல் மறைப்புக் கட்டி, அவளைக் கையைப் பிடித்துத் தெருவுக்குள் கூட்டி வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடைக்கார அம்மாள் கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்தார். முதலில் என் மனைவியின் கையைப் பிடித்து, "தெரியுதா மதினி? என்னத் தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது, தெரியுது. மூக்குத்தி மாத்திட்டீகளா?" என்றாள் அவள். பிறகுதான் அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு முடிய வெகுநேரம் ஆயிற்று.

தெருவின் மழைத் தண்ணீர் எல்லாம் பள்ளத்தில் இருக்கும் எங்கள் குழிக்குள் இறங்கியிருக்கிறது. கம்பி நனைந்திருக்கிறது. ஜன்னல் கத்தியிருக்கிறது. கொட்டுகிற மழையில் தெருவே குடத்தோடு வெளியே ஓடி வந்து, நனைந்துகொண்டு, காய்ந்த குழாய்களுக்கு முன்னால் நின்றிருக்கிறது.

"மழ பேயுதுன்னு தெரியலையா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியாம என்ன அண்ணாச்சி. மதினி சொல்லிட்டாகளே, வந்திருக்கும்னு நின்னோம்."

வீடு பூட்டியிருந்ததால் டேப்பை நிறுத்த வழியில்லை. பொழுது இறங்கும் வரைக்கும் என்னைக் குடத்தை எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இடையில் கரண்டு போய், பேட்டரியில் ஓடி, பேட்டரியும் இறங்க இறங்கக் குரல் கனத்துப் போயிருக்கிறது.

"கடைசில அப்படியே உங்க குரல் மாதிரி ஆயிருச்சு அண்ணாச்சி. நீங்களே உங்களத் திட்டிக்கிட்டாப்ல இருந்துச்சு. எம்புள்ளைக சோறு திங்காம ஜன்னலுக்கு அடியிலயே உக்காந்துருச்சுக."

பிற்பாடு நானும் ரிப்பேர்காரரும் உட்கார்ந்து, எங்கே தப்பு நடந்தது என்று ஆராய்ந்தோம். கரண்டு போவதை யோசித்திருந்தோம். உப்பை யோசித்திருந்தோம். தபால்காரரைக்கூட யோசித்துவிட்டோம். தண்ணீரைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை இரண்டு படித்த ஆட்கள் மாதக்கணக்கில் வடிவமைத்திருக்கிறோம். தண்ணீர் மேலே இருந்தும் வரக்கூடும் என்பது இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை. வேறு சீமையில் பிறந்தவனாக இருந்தால் முதல் நாளே குழிக்கு ஒரு மூடி கேட்டிருப்பான். கோப்பில் இதற்கென்று ஒரு தாள் சேர்த்தேன். "காரணம்: பழக்கமின்மை" என்று எழுதினேன்.

ஒன்று சொல்ல வேண்டும்: அன்று யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. கையில் குடம் இருந்ததால் கூரைத் தண்ணீரைப் பிடித்து ஆளுக்கு ஏழெட்டுக் குடம் சேர்த்துவிட்டார்கள். எங்களுக்கும் இரண்டு அண்டா நிறைத்து வைத்திருந்தார்கள். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதனாலயாச்சும் பொய்ச் சத்தம் இல்லன்னு ஆச்சு" என்றாள்.

வந்த நான்காம் நாள் காலை குழாய் இருமியது. குழிக்கு அதற்குள் தகர மூடி போட்டுவிட்டோம். டேப் தன் கடமையைச் செய்தது. தெரு திறந்தது. என் மனைவி வாசல் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் சொன்ன நாற்பது நாளில் ஒன்பதுதான் முடிந்திருந்தது. அவள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு" என்றேன். வேட்டியை மடித்துக் கட்டி, மூடியை நகர்த்தி, குடத்தை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். இரண்டே படி. ஐம்பத்தெட்டு வயது வரை நான் இறங்காத இரண்டு படி.

"அடியே, அண்ணாச்சி குழிக்குள்ள இறங்கிட்டாகடி!" என்றது மேட்டு வீடு.

"மதியம் மறுபடியும் மழதான்" என்றது கடை.

குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தேன். தண்ணீர் விழுந்தது. பின்னால் நாற்காலியிலிருந்து குரல் வந்தது, டேப்பிலிருந்து அல்ல.

"ஏங்க, எடுக்கும்போதே பாத்தேன், கொடத்து வாயில மண்ணு ஒட்டியிருக்கு. அலசாமயே புடிக்கிறீகளே?"

வாசல் நாற்காலிக்கும் குழிக்கும் ஒரு பதினைந்து அடி இருக்கும். குடத்தின் வாயைக் குனிந்து பார்த்தேன். இருந்தது, கடுகளவு செம்மண். கையில் எடுத்த நான் அதைப் பார்க்கவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசினேன்.